கல்மரத்துக்கு மேற்கே தம்பிக்கு

மாட்டுத் தரகர் பாண்டுரங்கன் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் பாதியைத்தான் காதுக்குள் விடுவார். மீதிப் பாதி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். விலைக்கு மட்டுமல்ல இந்தச் சட்டம். டாக்டர் இரண்டு மாத்திரை சொன்னால் ஒன்று விழுங்குவார். மகள் கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வருவோம் என்று சம்பந்தி சொன்னதையும் இப்படியே கழித்துக்கொண்டார். கடைசிப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கே இலை விழவில்லை. சம்பந்தி வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, அவருடைய நிலத்தில், மரமே கல்லாகிக் கிடக்கும் கல்மரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு, முனைவர் தமிழ்மொழி, "இதுக்கு ரெண்டு கோடி வருஷம் இருக்கும்ங்க" என்று சொன்னபோது, பாண்டுரங்கன் யோசிக்கவே இல்லை.

"ஒரு கோடின்னு வெச்சிக்கலாம் மேடம்."

"அப்படியெல்லாம் வெச்சிக்க முடியாதுங்க."

"சரி, உங்க பேச்சும் வேணாம், எம் பேச்சும் வேணாம். ஒன்றரையில முடிச்சிக்கலாம்."

அந்த அம்மாள் கையிலிருந்த பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தாள். "ஒன்றரையும் இருக்கலாம். அதுக்குக் கொறைச்சலா சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டைத் தாண்டினாலும் தாண்டும். நடுவுல எங்கியோ."

சந்தையில் இத்தனை வருடமாக நின்று கால் தேய்ந்தும், ஒரு வியாபாரிகூட தன் அடிவிலையையும் மேல்விலையையும் ஒரே மூச்சில் கொட்டிப் பாண்டுரங்கன் பார்த்ததில்லை. ஒன்று, இந்த அம்மாவுக்கு வியாபாரம் தெரியாது. இல்லையென்றால், விற்க இவளிடம் எதுவும் இல்லை. இரண்டில் எது என்று அவருக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

அவருக்கு வேண்டியது வயதே அல்ல. இந்தக் கல் நகரவில்லை என்று படித்த வாய் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் திருவக்கரை கல்மரப் பூங்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்களைத் தேடிப் போய், இளநீர் வெட்டிக் கொடுத்து, மயிலத்தைத் தாண்டியிருக்கும் தன் புன்செய்க் காட்டுக்கு அழைத்து வந்திருந்தார்.

விஷயம் இதுதான். பாண்டுரங்கனும் அவருடைய அண்ணன் வேணுவும் ஒரே சந்தையில் தரகு பார்ப்பவர்கள். மாட்டுத் தரகில் வாயால் விலை பேசுவதில்லை. துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு, அதன் அடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்துத்தான் பேரம். பிடித்த விரலுக்கு ஒரு கணக்கு, மடக்கிய விரலுக்கு ஒரு கணக்கு. சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு கைகளைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பா செத்தபின் நிலம் பிரிக்கிற பேச்சு வந்தபோது, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வாயால் பேசுவது இந்த இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. அனந்தபுரம் சந்தையில், இரண்டு ஜோடி மாடு கைமாறிய இடைவெளியில், துண்டைப் போட்டு நிலத்தையும் பிரித்துக்கொண்டார்கள். கல்மரத்துக்கு மேற்கே தம்பிக்கு, கிழக்கே அண்ணனுக்கு. சர்வேயரைக் கூப்பிடவில்லை. பட்டா இன்றைக்கும் கூட்டுப் பட்டாதான். சாட்சி அந்தத் துண்டு ஒன்றுதான். அதுவும் நைந்து, மாடு கழுவப் போய்விட்டது.

ஃபெஞ்சல் புயல் வரும்வரை ஒரு வம்பும் இல்லை. அந்த மழையில் வேணு விழுப்புரத்தில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டார். வெள்ளம் வடிந்து, ரோடு திறந்து, காட்டுக்கு வந்து பார்த்தால், கல்மரம் கிழக்கே தள்ளிக் கிடக்கிறது. பக்கத்தில் ஜேசிபி வந்துபோன தடம்.

"விழுந்த பனைமரத்த எடுக்க வரவெச்சேண்ணா" என்று பாண்டுரங்கன் சொன்னார்.

"பனைமரத்தோட சேத்துக் கல்மரத்தையும் எடுத்து வெச்சியாக்கும்" என்று வேணு சொன்னார். அண்ணன் தம்பிக்குள் நேருக்கு நேர் நடந்த கடைசிப் பேச்சு அது.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் சந்தையில், மற்றவர்களிடம். "கல்லையே நகர்த்துனவன், மாட்டுப் பல்லை நகர்த்த மாட்டானா?" என்று வேணு ஒருமுறை கேட்டுவைத்தார். அவ்வளவுதான். டீக்கடை மண்ணாங்கட்டி அதை ஒவ்வொரு கிளாஸோடும் ஆற்றி ஆற்றிக் கொடுத்தான். அதுவரை பாண்டுரங்கன் மாட்டின் வயதை "நாலு பல்லு" என்று சொன்னால் நம்பிப் பிடித்துப் போன ஆட்கள், இப்போது தாங்களே மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தரகனுக்கு வேறென்ன முதல்? சரக்கா, கடையா? சொல்லுதானே. அதில் ஓட்டை விழுந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

"அந்தம்மா ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், எல்லா வாயும் மூடிக்கும்" என்று வீட்டில் அவர் சொன்னபோது, மனைவி கோவிந்தம்மாள் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்:

"புயலுக்கு அப்புறம் நீங்க ஏர் ஓட்டுனது எதுவரைக்கும்?"

"கல்லு வரைக்கும்."

"புயலுக்கு முன்னாடி?"

"அதுவும் கல்லு வரைக்கும்தான்டி."

"அப்ப இந்த வருசம் மட்டும் எப்பிடிங்க ரெண்டு பாத்தி மல்லாட்டை கூட வந்துச்சு?"

பாண்டுரங்கனுக்கு அவசரமாக வெளியே ஒரு வேலை ஞாபகம் வந்தது. தராசு தன் பக்கம் சாயும்போது, ஏன் சாய்ந்தது என்று குனிந்து பார்க்கிற வியாபாரியை அவர் கண்டதில்லை. தானும் பார்க்கவில்லை. கல்லை அவர் தொடவில்லை; அது சத்தியம். கல்லுக்கு இந்தப் பக்கம் இடம் கொஞ்சம் தாராளமாக இருக்கிறதே என்று தோன்றியதும், அந்த நினைப்பை வளரவிடாமல் ஏரைப் பூட்டியதும் அதே அளவு சத்தியம்.

குழி வெட்ட இரண்டு பேருடைய சம்மதமும் வேண்டும் என்று தமிழ்மொழி சொல்லிவிட்டாள். அவளே வேணு வீட்டுக்குப் போய்க் கேட்டாள். வேணு யோசிக்காமல் தலையாட்டினார். "நல்லாத் தோண்டுங்கம்மா. அவன் நகர்த்துனது வெளிய வரட்டும்."

குழி வெட்டும் நாளில் அண்ணன் கிழக்கு வரப்பிலும் தம்பி மேற்கு வரப்பிலும் நின்றார்கள். நடுவில் கல்மரம். மர நிறத்திலேயே இருக்கிற கல். நார் ஓடியிருப்பது கண்ணுக்குத் தெரியும், தட்டினால் மட்டும் வெண்கலம் மாதிரிச் சத்தம் வரும். தமிழ்மொழியோடு வந்திருந்த சேரன் ஆற்று மணலைப் படித்தவன். பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தான். வேலையின் வேகத்தைப் பார்த்தால் இன்னொரு கோடி வருடம் ஆகும் போலிருந்தது.

பாண்டுரங்கனால் சும்மா நிற்க முடியவில்லை. "மேடம், மாட்டுக்குப் பல்லைப் பாத்து வயசு சொல்லிடுவோம். மரத்துக்கு உள்ள வளையம் இருக்குமாமே, அத எண்ணிட்டா முடிஞ்சிதே?"

"இங்க வந்து பாருங்க." தமிழ்மொழி கண்ணாடியைக் கொடுத்தாள். முறிந்த முகப்பில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தன. வளையம் என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை.

"இன்னா மேடம், பல்லு மொளைக்காத மாடா இருக்குது."

அவள் சிரித்துவிட்டாள். "குளிரு, வெயிலுன்னு மாறி மாறி அடிக்கிற ஊர்லதான் வளையம் நல்லாத் தெரியும். இந்த மரம் நின்ன காட்டுல வருஷம் முழுக்க ஒரே மாதிரி சூடும் ஈரமும் இருந்திருக்கணும். அதுக்குக் காலம் போறதே தெரியல."

"கொடுத்து வெச்ச மரம். அப்ப வயசு எப்பிடிக் கண்டீங்க?"

"மரத்தைக் கேக்கல. மேலயும் கீழயும் இருக்கிற மண்ணு அடுக்கைக் கேட்டோம். அதுல இருக்கிற மகரந்தத்தூள், வேற ஊர்ல இதே அடுக்குல கெடைச்ச சிப்பி. சாட்சிங்கன்னு வெச்சிக்குங்களேன். எல்லாச் சாட்சியும் ஒரே மாதிரி சொல்லாது. அதான் நடுவுல எங்கியோன்னு சொன்னேன்."

சாட்சி என்ற சொல் பாண்டுரங்கனுக்கு எங்கோ உறைத்தது. இரண்டு கோடி வருடத்து மரத்துக்கே இத்தனை சாட்சி இருக்கிறது. அவரும் அண்ணனும் உயிரோடு, ஒரே சந்தையில், எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு சாட்சி கிடையாது.

"கல்லா எப்பிடி மேடம் மாறுச்சு?"

"மணலுக்கடியில பொதைஞ்சு கெடந்தப்ப, மணல்ல இருக்கிற சத்து தண்ணியில கரைஞ்சு உள்ள போச்சு. மரம் நாரு நாரா அழிய அழிய, அந்த எடத்துல அது உக்காந்துக்கிச்சு. கடைசியில மரம் ஒரு துளிகூட இல்ல. உருவம் மட்டும் அப்படியே இருக்கு."

சந்தையும் அப்படித்தான் என்று பாண்டுரங்கன் நினைத்துக்கொண்டார். உழவு மாடு போய்க் கறவை மாடு வந்தது. நடத்தி வந்தது போய் டாட்டா ஏஸில் ஏற்றி வருகிறார்கள். மடியில் முடிந்த பணம் போய் போன் டிங் என்கிறது. ஒவ்வொன்றாக எல்லாம் மாறி, பழைய சரக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனாலும் வெளியிலிருந்து பார்த்தால் அதே சந்தை. அவருக்கும் வேணுவுக்கும் நடுவில் இருந்த உறவும் அப்படித்தான் உருவம் மாறாமல் கல்லாகிக் கிடந்தது. நோகும்போதுதான் அது தெரிந்தது.

சேரன் குழியிலிருந்து தலையை நீட்டினான். "மேடம், வேரும் இல்ல, கெளையும் இல்ல. பட்டையும் உரிஞ்சிருக்கு. இது இங்க மொளைச்சது இல்ல, வந்தது."

பாண்டுரங்கன் சட்டென்று கிழக்கு வரப்பைத் திரும்பிப் பார்த்தார். "சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க!"

"ஏன்? மேற்குப் பக்கத்துக் காட்டுல எங்கியோ மொளைச்சு, ஆத்து வெள்ளத்துல உருண்டு வந்து இங்க ஒதுங்கியிருக்கு."

"இன்னா சொல்றாங்க?" என்று கிழக்கு வரப்பிலிருந்து குரல் வந்தது. "நகர்ந்து வந்துச்சாமா?"

"ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடிங்க ஐயா!" என்று தமிழ்மொழி கத்தினாள்.

"வருசத்த விடுங்கம்மா. நகர்ந்துச்சா இல்லியா? மேற்கேர்ந்துதான வந்துச்சு? அவன் பக்கம் மேற்குதான?"

"பாத்தீங்களா மேடம்?" பாண்டுரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேஜாரா பூடுச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த வெள்ளத்துக்கும் என்னையே புடிப்பாரு."

மதியம் கோவிந்தம்மாள் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். இரண்டு வரப்புக்கும் தனித்தனியாகத் தட்டு போனது. வேணு வாங்கிச் சாப்பிட்டார். சண்டை தம்பியோடுதான், குழம்போடு இல்லை என்று தமிழ்மொழியிடம் விளக்கமும் சொன்னார்.

சாப்பிட்டு முடித்துச் சேரன் மறுபடி இறங்கினான். கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் அழைத்தான். அண்ணனும் தம்பியும் குழியின் இரண்டு கரையிலும் வந்து நின்றார்கள்.

"கல்லுக்கு அடியில பாருங்க" என்றான். கல்மரத்தின் வயிற்றை ஒட்டி, மெல்லிய மெல்லிய மணல் வரிகள், கல்லைச் சுற்றி வளைந்து, மடித்த துணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. "இது கெட்டிப்பட்ட பழைய மணல். ஒரு வரிகூட அறுபடல. ஜேசிபி வெச்சுத் தூக்கியிருந்தா இதெல்லாம் பொடிப்பொடியா ஆகி, மேல்மண்ணு உள்ள விழுந்திருக்கும். இந்தக் கல்லை யாரும் தொடலைங்க."

பாண்டுரங்கனுக்குக் காது குளிர்ந்தது. அண்ணனைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதில்லை என்று வானத்தைப் பார்த்தார். ஒன்றரை வருடமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார். நாளைக்கே டீக்கடைக்குப் போக வேண்டும்.

"ஆனா" என்றாள் தமிழ்மொழி.

வியாபாரத்தில் 'ஆனா' என்ற சொல்லுக்குப் பின்னால் நல்லது வந்து அவர் கேட்டதில்லை.

"கல்லு நீங்க நெனைக்கிறதைவிட நீளம். மேற்கால போகுது, பாருங்க." சேரன் மேற்குப் பக்கம் வெட்டிய வாய்க்காலில், புது வண்டலுக்கு அடியில், அதே மரம் நீண்டு கிடந்தது. அதன் மேல்தோல் வெளுத்து, பாசி காய்ந்த கறுப்புத் திட்டோடு இருந்தது. "இந்த மேற்குத் துண்டு ரொம்ப வருஷம் வெயில்ல கெடந்திருக்கு. இப்ப வெளிய தெரியுதே கிழக்குத் துண்டு, அது புதுசா வெளிய வந்தது, தோலு புதுசா இருக்கு. புயல்ல மேட்டு வண்டல் வந்து மேற்கை மூடிடுச்சு. கிழக்கால மண்ணை அந்தப் பக்கத்து ஓடை பெருகி அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கல்லு நகரல. வெளிய தெரியற பாகம்தான் நகர்ந்திருக்கு."

"இங்க மட்டும் என்ன இது?" சேரன் வெளுத்த தோலில் விரல் வைத்தான். நீளநீளமாக மூன்று நான்கு குழிவுகள், கண்ணாடி மாதிரி வழவழவென்று. "தண்ணி அரிச்ச மாதிரி இல்லியே."

யாரும் பதில் சொல்வதற்குள் வேணு குழிக்குள் இறங்கிவிட்டார். குழிவில் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு, ஒன்றரை வருடத்தை மறந்து, மேலே நின்ற தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "டேய், இது நாம அருவா தீட்டுன எடம்டா."

பாண்டுரங்கன் பார்த்தார். அதேதான். கல்லுக்குத் தண்ணீர் தெளித்து, இருவரும் முறைவைத்து, கரும்பு வெட்டுக்கு அரிவாள் தீட்டிய இடம். அது அண்ணனுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த எல்லை. அதைத் தாண்டி அவருடைய மல்லாட்டைச் செடி வரிசை வரிசையாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

வேணுவும் அந்த வரிசையைப் பார்த்தார். தான் தம்பியிடம் பேசிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மண்ணைத் தட்டிவிட்டுக் கரையேறி, வந்த வழியே போய்விட்டார்.

ஆராய்ச்சிக்காரர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது பாண்டுரங்கன் தமிழ்மொழியைத் தனியாக ஓரம் கட்டினார். குரலைத் தணித்தார்.

"மேடம், சந்தையில யாருனா வந்து கேட்டாங்கன்னா, கல்லு நகரலன்னு சொன்னீங்களே, அது வரைக்கும் சொன்னாப் போதாதா? பின்னால இருக்கறத எதுக்கு இழுக்கணும்?"

"அது ரெண்டும் ஒரே பேச்சுங்க. அடியில மணல் அறுபடலன்னு பாத்த அதே கண்ணாலதான் மேல வண்டலையும் பாத்தோம். ஒண்ணை நம்புனா இன்னொண்ணையும் நம்பணும்."

"பாதி?"

"பாதியெல்லாம் இல்லைங்க."

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தப்பா சொல்லிட்டு, நாளைக்கு வேற ஒருத்தன் வந்து இல்லன்னு சொன்னா உங்க பேரு கெட்டுப் போவாதா?"

"அதுக்குத்தான் முன்னாடியே எங்க தெரியும், எங்க தெரியாதுன்னு சொல்லிடறது. பழைய எல்லை ஒரு முழம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்கும். அது எங்களுக்கே தெரியாது. தெரியாதத தெரியாதுன்னு சொன்னா, தெரிஞ்சதை நம்புவாங்க." வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "கல்லை மட்டும் ரெண்டு பேரும் பத்திரமாப் பாத்துக்குங்க. உங்களுக்கு அது எல்லை. எங்களுக்கு அது ஒரு காடு."

சந்தை நாள் வந்தது. சந்தையில் வேணு வழக்கமான புளியமரத்தடியில் ஒரு கிடேரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாண்டுரங்கன் நேராக அவரிடம் நடந்தார். மண்ணாங்கட்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். டம்ளர் ஒரு கையிலும் கிளாஸ் ஒரு கையிலும் அந்தரத்தில் நின்றன.

பாண்டுரங்கன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு நீட்டினார். பழைய முறை. அடியில் விரலைப் பிடித்தால் போதும், விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்துவிடலாம். ஒருவனுக்கும் தெரியாது. மானமும் போகாது.

வேணு துண்டையே பார்த்தார். பிறகு எட்டி அதைப் பிடுங்கினார்.

"இன்னாத்துக்குடா துண்டு? அந்தப் படிச்ச பொண்ணு துண்டு போட்டா சொல்லுச்சு? வாயத் தொறந்து சொல்லு."

வெறும் கை வெயிலில் நீட்டியபடி நின்றது. பாண்டுரங்கனுக்கு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தச் சந்தையில் அது வெளிச்சம் கண்டதில்லை.

"கல்ல நான் நகர்த்தலண்ணா" என்றார்.

"அது எனக்குந் தெரியும். நானே எறங்கிப் பாத்தேன்ல. நகர்த்துனன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சது நான்தான். தப்பு." வேணு நாலு பேருக்குக் கேட்கவே சொன்னார். "அப்புறம்?"

அந்த 'அப்புறம்' புளியமரத்தடியில் ஒரு ஆள் மாதிரி நின்றது.

"மண்ணு நகர்ந்துச்சு. இடம் கூடுதலா இருக்குதேன்னு தோணுச்சு. கேக்காத ஏர் ஓட்டிட்டேன்."

கிடேரி வால் சுழற்றியது.

"எம்மாந் தூரம்?" என்று வேணு கேட்டார்.

"ஒரு ஜோடி மாடு நெட்டுக்கு நிக்கற எடம்."

"ரெண்டு ஜோடி."

"இன்னாண்ணா நீ, ரெண்டு ஜோடி நின்னா வாலு ஓடைக்குள்ள இருக்கும்!"

"அப்ப ஒன்றரை."

பாண்டுரங்கன் வாய் பாதியாக்கத் திறந்தது. மூடிக்கொண்டார். "ஒன்றரையும் இருக்கலாம்" என்றார் மெதுவாக. "ஒரு முழம் இப்பிடி அப்பிடி. அது அந்த மேடத்துக்கே தெரியாதாம்."

"தெரியாதுன்னே சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

வேணு தலையை ஆட்டினார். "அந்த ஒரு முழத்துல ஒண்ணும் வெதைக்க வேணாம். கல்லு பாட்டுக்குக் கெடக்கட்டும். மல்லாட்டை புடுங்கனதும் சர்வேயரக் கூப்புடு."

"மல்லாட்டை யாருக்கு?"

"போட்டவன் நீ. பாதி அண்ணிகிட்ட குடுத்துடு."

பாதி என்பதைப் பாண்டுரங்கன் முழுதாகவே காதில் வாங்கினார்.

"மொத மொறையா இந்தச் சந்தையில ஒரு பேரத்தக் காதால கேட்டோம்பா" என்று சொல்லிவிட்டு மண்ணாங்கட்டி மறுபடி ஆற்றத் தொடங்கினான். டீ ஆறியே போயிருந்தது.

ஒலக்கூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஒரு கறவையைப் பிடித்துக்கொண்டு வந்து, "பாண்டுரங்கா, இதுக்கு எத்தினி பல்லு, பாத்துச் சொல்லு" என்றார். பாண்டுரங்கன் மாட்டின் வாயைப் பிடித்தார். நன்றாகப் பார்த்தார். "ஆறு" என்றார். பிறகு, பழக்கமில்லாத ஒன்றைச் செய்வது போல, "ஆறாவது இன்னும் முழுசா மொளைக்கல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பேரம் பேசத் துண்டை எடுக்கத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். துண்டு அங்கே இல்லை. வேணு அதால் கழுத்து வேர்வையைத் துடைத்து, தன் தோளில் போட்டுக்கொண்டு, கிடேரியை இழுத்தபடி போய்க்கொண்டிருந்தார்.